கீமோவுக்கு முடி கொட்டும்போது: மலையகத்தில் எதைத் தேர்வது?

புற்றுநோய்க்குக் கீமோ (ஊசி வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து) கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதும் பெண்கள் மனதில் எழுகிற முதல் கேள்விகளில் ஒன்று, முடி கொட்டுமா என்பது. பலர் அதை வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டாலும், "உசிரு பெருசா, முடி பெருசா?" என்று கூட வந்தவர்களே வாயை அடைத்துவிடுவார்கள். அப்படி அடைக்கப்பட்ட சிலர் அடுத்த கிளினிக்குக்குத் திரும்பி வருவதே இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) நின்றால் எட்டு வீட்டுக்குத் தெரியும். மார்பில் இருக்கும் கட்டி யார் கண்ணிலும் படாது. முடி போன அன்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் இந்தக் கவலையை வீண் கவலை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து கண்டியில் கீமோ நடந்த காலம் முழுக்க நான்தான் கூடப் போனேன். நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ்ஸில் போய், கிளினிக் வாங்கில் காத்திருந்த நேரங்களில், பக்கத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவரும் முடி விஷயத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் காசை விக்குக்குக் கொடுக்கும் முன் நல்ல பருத்தித் தொப்பிக்குக் கொடுங்கள். கொட்டும்வரை காத்திராமல் முன்கூட்டியே முடியைக் குட்டையாக்குங்கள். யாரிடம் எப்போது சொல்வது என்பதை முதல் மருந்து ஏறும் வாரத்திலேயே தீர்மானியுங்கள். இனி காரணங்கள்.

உங்கள் மருந்துக்குக் கொட்டுமா?

எல்லாக் கீமோவுக்கும் முடி கொட்டாது. மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் கொடுக்கப்படும் டொக்சோரூபிசின் (சிவப்பு நிறத்தில் ஏறுமே, அதுதான்), சைக்ளோபொஸ்பமைட், பக்லிடக்செல், டொசிடக்செல் ஆகியவை கொட்டவைக்கும். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஃப்ளூரோயூராசில் பெரும்பாலும் முடியை மெலியவைப்பதோடு நின்றுவிடும். தமொக்சிஃபென் மாத்திரைக்குச் சிலருக்கு முடி கொஞ்சம் குறையும், மொட்டையாகாது. கதிர் சிகிச்சை என்றால் கதிர் படும் இடத்து முடி மட்டுமே போகும். மார்புக்குக் கதிர் வைத்தால் தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது. இது தெரியாமல் சிகிச்சைக்கு முன்பே கூந்தலை வெட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாவை நான் பார்த்தேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூந்தல் மிஞ்சியிருக்கும். தலைக்கே அதிக அளவில் கதிர் வைத்தால் மட்டும் அந்த இடத்தில் முடி திரும்ப வராமலும் போகலாம்.

முடி வேரில் இருக்கும் செல்கள் வேகமாகப் பெருகுகிறவை. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடித் தாக்குவதால் புற்றோடு சேர்த்து இவையும் அடிபடுகின்றன. வழக்கமாக முதல் மருந்து ஏறி 2 முதல் 3 வாரத்தில் கொட்டத் தொடங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பே தலைத்தோல் நோகும், தலையணையில் வைத்தால் எரியும். கொட்டினால்தான் மருந்து வேலை செய்கிறது என்று வார்டில் சொல்வார்கள். அது உண்மையில்லை. முடி கொட்டுவதற்கும் புற்று சுருங்குவதற்கும் தொடர்பு கிடையாது. கொட்டாதவர்கள் பயப்பட வேண்டாம்.

தடுக்க முடியுமா?

ஓரளவு தடுப்பது என்று நிரூபிக்கப்பட்டது குளிர் தொப்பி ஒன்றுதான். மருந்து ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, ஏறி முடிந்த பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல், தலைத்தோலை இயந்திரத்தால் குளிரவைப்பார்கள். இரத்தக் குழாய்கள் சுருங்கி வேருக்குப் போகும் மருந்து குறையும். 2017இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், குளிர் தொப்பி போட்ட மார்பகப் புற்றுநோய்ப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முடியில் பாதிக்கு மேல் நின்றது. போடாத பெண்களில் ஒருவருக்கும் அப்படி நிற்கவில்லை. ஆனால் டொக்சோரூபிசின் வகை மருந்துகளுக்குப் பலன் குறைவு. இரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு இதைக் கொடுக்கவே மாட்டார்கள். இந்த இயந்திரத்தை எதிர்பார்த்து நம் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். அதற்காகக் கடன்பட்டு இந்தியாவுக்கோ கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சிகிச்சை இங்கே இலவசமாகக் கிடைக்கும்போது, முடிக்காக நகையை அடகு வைத்தால் பிறகு பஸ் காசுக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் கை ஏந்த வேண்டிவரும். வீட்டில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றித் தலையில் வைத்துக் கட்டுவதும் வேண்டாம், தோல் கருகிப்போகும்.

மற்றபடி சின்ன வெங்காயச் சாறு, கருஞ்சீரக எண்ணெய், யாரோ ஊரிலிருந்து வரவழைத்த மூலிகைத் தைலம் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்போடு கொடுப்பதை முகத்தில் அடித்தமாதிரி மறுக்க வேண்டாம். ஆனால் தலையில் தேய்க்காதீர்கள். கீமோ காலத்தில் தோல் சாதாரணமாகத் தாங்குவதையும் தாங்காது. குடிக்கிற கஷாயமோ குளிசையோ என்றால் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது, சில மூலிகைகள் கீமோ மருந்தின் வேலையையே மாற்றும். பாமசியில் தலைமுடிக்கென்று விற்கும் பயோட்டின் குளிசை கீமோவால் கொட்டும் முடியை நிறுத்தாது. அதோடு சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டவும் செய்யும். மினொக்சிடில் பூச்சு, கொட்டிய பின் முளைப்பதைக் கொஞ்சம் சீக்கிரமாக்கலாமே தவிர, கொட்டாமல் காக்காது. தலை வறண்டு அரித்தால் சுத்தமான தேங்காய் எண்ணெய் இரண்டு துளி போதும்.

கொட்டவிடுவதா, வெட்டிக்கொள்வதா?

கொட்டும்வரை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. நீளக் கூந்தல்காரர்களுக்கு அது மிகுந்த வேதனை. சீப்பில் கொத்துக் கொத்தாக வரும், கொண்டை போட்டால் சிக்காகிக் கட்டிபோல் இறுகும், சோற்றில் விழும், பிள்ளைகள் பார்த்து அழும். கொட்டும் கடைசி முடிவரை தலையில் இருக்கட்டும் என்று நினைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அது அவர்கள் தலை. ஆனால் முதல் மருந்துக்கு முன்போ, முதல் வாரத்திலோ கழுத்தளவுக்கு வெட்டி, கொட்டத் தொடங்கியதும் மொட்டைக்குப் போனவர்கள் குறைவாக அழுதார்கள் என்பதே நான் கண்டது. அக்கா பின்னலைப் போட்டு, மேலும் கீழும் நூலால் இறுகக் கட்டி, அப்படியே வெட்டி எடுக்கச் சொன்னாள். அந்தப் பின்னல் பிறகு எப்படி உதவியது என்று கீழே சொல்கிறேன்.

மொட்டை அடிப்பதில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: சவரக்கத்தியும் பிளேடும் வேண்டாம். மருந்து ஏறி ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். சிறு கீறலும் புண்ணாகிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும். கீமோ காலத்தில் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதனால் மின்சார கிளிப்பரால் மிகக் குட்டையாக வெட்டினால் போதும். டவுன் சலூனுக்குப் போகக் கூச்சமாக இருந்தால், கிளிப்பர் வைத்திருக்கும் தம்பி ஒருவனை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளலாம். கிளிப்பரின் வெட்டும் பற்களைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்கச் சொல்லுங்கள்.

கோயிலில் முடி இறக்கலாம் என்று சில வீடுகளில் சொல்வார்கள். இதற்கு இரண்டு பக்கம் உண்டு. கதிர்காமத்துக்கோ மாத்தளை முத்துமாரியம்மனுக்கோ நேர்ந்துகொண்டு முடி கொடுத்தேன் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். மொட்டைத் தலை என்றாலே தாலி அறுத்தவள் என்று பார்க்கும் கண்களுக்கும் அது நல்ல பதில். மனதார நேர்ந்துகொண்டவர்களுக்கு அதில் பெரிய ஆறுதலும் இருக்கிறது. ஆனால் கோயிலில் கத்திதான். கூட்டமும் உண்டு. கீமோ தொடங்கு முன் இரத்தம் நன்றாக இருக்கும்போது, டொக்டர் சரி என்றால், புதுப் பிளேடு கொண்டுபோய்ச் செய்துகொள்ளுங்கள். தொடங்கிய பின் வேண்டாம், நேர்த்தியைச் சுகமான பிறகு செலுத்தலாம். அம்மன் காத்திருப்பாள்.

தலைக்கு என்ன போடுவது?

விக் வேண்டுமா என்பதில்தான் வீடுகளில் அதிகம் பேச்சு நடக்கும். கொழும்புக்காரர்களுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளில் வியர்வைதான் முதல் பிரச்சினை. நமக்குப் பிரச்சினை குளிரும் ஈரமும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். தை, மாசி இரவுகளில் புல்லில் உறைபனி விழும். மொட்டைத் தலையோடு அந்த இரவில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், தூக்கம் வராது. ஆகவே முதல் தேவை இரவுத் தொப்பி. மெல்லிய பருத்தித் துணியில், உள்பக்கம் தையல் உறுத்தாமல், காது மூடும் அளவுக்கு. பழைய டீ சேட்டின் உடம்புப் பகுதியை வெட்டி வீட்டிலேயே தைக்கலாம், அதைவிட மிருதுவான துணி கடையில் கிடைக்காது. கம்பளித் தொப்பியை நேரடியாகத் தலையில் போட்டால் குத்தும், அரிக்கும். பருத்திக்கு மேல் கம்பளி என்று இரண்டாகப் போடுங்கள். பகலில் இன்னொரு காரணமும் சேர்கிறது. உயரமான இடத்தில் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை. குளிராக இருக்கிறதே என்று வெறுந்தலையோடு போனால் பத்து மணி வெயிலிலேயே தோல் சிவந்துவிடும்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வசதி. தலையில் துணி கட்டுவது நமக்குப் புதிதில்லை. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவள் துண்டு கட்டியிருந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கூடைக் கயிறு தலையில் விழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். முடி இருந்தபோது அதுதான் மெத்தை. முடி போன பின் நனைந்த கொழுந்தின் பாரம் முழுக்க அந்தக் கயிறு வழியாக, ஏற்கெனவே நோகும் தோலில் இறங்கும். அக்கா கீமோவுக்கு நடுவில் சில நாள் பேர் போடுவதற்காக (நாள் சம்பளத்துக்கு வேலைக்கு வந்ததாகப் பதிய) மலை ஏறினாள். மாலையில் துண்டை அவிழ்த்தபோது உச்சியில் கயிற்றின் தடம் சிவப்பாகக் கீறியிருந்தது, ஒரு ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. நாட்கூலிக் குடும்பத்துக்கு ஓய்வெடு என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வைத்தியச் சான்றிதழை வாங்கித் தோட்ட டிஸ்பென்சரியில் கொடுத்து, மலையைத் தவிர்க்கப் பாருங்கள். போயே ஆக வேண்டும் என்றால் தோளில் மாட்டும் பையைக் கேளுங்கள், தலையில் பாரம் வேண்டாம்.

இனி விக். செயற்கை நார் விக் விலை குறைவு, கழுவினாலும் வடிவம் மாறாது, சீக்கிரம் காயும். ஆனால் சூட்டுக்கு ஆகாது. விறகடுப்பில் குனிந்து ஊதினால் முன்முடி சுருண்டு கருகும். கொதிக்கும் சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாலும் அந்த ஆவி போதும், நார் பொசுங்கிவிடும். கேஸ் அடுப்பு வைத்திருக்கிற ஆசிரியைக்கோ வங்கியில் வேலை செய்கிறவருக்கோ அது சரிவரும், லயத்து அடுப்படிக்குச் சரிவராது. மனித முடி விக் பார்க்க அசலாக இருக்கும். விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். மார்கழி மழையில் தலைமுடி காய்வதே பாடு, விக்கை எங்கே காயவைப்பது? ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து வாடை வரும். எதுவானாலும், பின்புறம் இறுக்கித் தளர்த்தும் பட்டி இருக்கிறதா என்று பாருங்கள், முடி போனபின் தலைச் சுற்றளவு குறையும். முடி இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்தால் நிறமும் வகிடும் பொருத்தமாகத் தேடலாம்.

வாங்குவதற்கு முன், இலவசமாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். இந்திரா கென்சர் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம், தானமாகக் கிடைக்கும் முடியில் விக் செய்து நோயாளிகளுக்குக் காசில்லாமல் கொடுக்கிறது. மஹரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ போகிறவர்கள் வார்டு நேர்ஸ் மிஸ்ஸிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

தொப்பிக்கும் விக்குக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் பெண்களுக்குச் சவுரி வைக்கத் தெரியும். பருத்தித் தொப்பியின் பின் விளிம்பில் சவுரியைத் தைத்து, மேலே முக்காடோ ஸ்கார்ஃபோ கட்டினால், முதுகில் பின்னல் தொங்கும். அக்காவுக்கு அவளுடைய சொந்தப் பின்னலையே இப்படித் தைத்துக் கொடுத்தோம். தங்கச்சி மகள் பூப்புனித நீராட்டுக்குச் சேலை கட்டி, பின்னலில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு போனாள். தொப்பிக்கும் நூலுக்கும் ஆன செலவு ஒரு விக் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. காற்றில் கழன்றுவிடுமோ என்ற பயம் இல்லை, அடுப்படியில் போடவும் தேவையில்லை. அன்றாடம் அலுவலகத்தில் துணி கட்டாமல் முன்முடி தெரிய இருக்க வேண்டியவர்களுக்கு மட்டும் இது போதாது, அவர்களுக்கு விக்தான்.

புருவமும் இமையும் போகலாம். முகம் மாறிப்போவது பெரும்பாலும் அதனால்தான், தலைமுடியால்கூட இல்லை. புருவப் பென்சிலால் சின்னச் சின்னக் கோடாக வரையுங்கள், அடுத்தவர் பென்சிலைத் தொடாதீர்கள். ஒட்டுப் பொட்டின் பசை அரித்தால் சில நாள் விட்டுவிடலாம். மூக்கு முடியும் போவதால் சளி இல்லாமலே மூக்கு ஒழுகும், பயப்பட வேண்டாம், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் பேசுவது?

தொப்பி தலையை மூடும், லயத்தின் பேச்சை மூடாது. மறைத்தே வைப்பது ஒரு வழி. ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்த குடும்பங்கள் உண்டு. ஆறு மாதம் அப்படிச் சமாளிப்பது வீட்டில் எல்லோருக்கும் தண்டனை. எல்லோருக்கும் சொல்லிவிடுவது இன்னொரு வழி. அதில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள், செத்துப்போனவர் கதை சொல்வார்கள். நான் பரிந்துரைப்பது, வாய் திறந்து பேசக்கூடிய ஒரு பெண்ணைத் தேர்ந்து, பக்கத்து வீட்டு அக்காவோ சித்தியோ, அவருக்கு முழு விஷயத்தையும் சொல்லி, மற்றவர்களுக்கு அவர் வாயால் போகவிடுவது. "மருந்துக்குக் கொட்டுது, மருந்து முடிஞ்சா முளைக்கும், இது ஒட்டுவாரொட்டி இல்ல." இந்த மூன்றையும் அவர் சொன்னால் போதும். நோயாளியே ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் தாயே சொல்ல வேண்டும், கொட்டுவதற்கு முன்பே.

மனம் விட்டுப் பேச, அதே மருந்து ஏறுகிற பெண்களைப்போல வேறு யாரும் வரமாட்டார்கள். ஒரே கிளினிக் நாளில் வருகிறவர்களிடம் தொலைபேசி எண் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மருந்து முன்னால் இருக்கிறவரிடம் கேட்டால், அடுத்து என்ன வரும் என்று புத்தகம்கூடச் சொல்லாததைச் சொல்வார். அவருக்கும் நல்லதல்லாத நாள் வரும், அப்போது உங்கள் பாரத்தையும் அவர் தலையில் ஏற்ற முடியாது என்பதுதான் இதிலுள்ள குறை. தூக்கமே இல்லை, சாப்பிட மனமில்லை, மருந்தை நிறுத்திவிடலாம் போலிருக்கிறது என்றால் ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926, ஆலோசனைக்கான 1333 ஆகிய எண்களுக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம். எடுத்ததும் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். காம்பராவில் (லயத்து அறையில்) எல்லோரும் இருக்கும்போது பேச முடியாது என்பதால், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரம் பாருங்கள். வார்டில் சிங்களம் மட்டும் தெரிந்தவர்கள் இருக்கும் நாளில், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போவதும் பெரிய ஆறுதல்தான். பாதிப் பயம் புரியாததால் வருவது.

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வழியாகப் புற்றுநோயாளருக்கு மாதாந்த உதவிப்பணம் உண்டு. கிளினிக் கொப்பியோடு கிராம சேவகரை முதலில் பாருங்கள். விக்குக்கென்று அது வராது, ஆனால் பஸ் காசு மிச்சமாகும்.

ஆண்களுக்கு மொட்டை பெரிய விஷயமில்லை என்று எல்லோரும் நினைக்கிறோம். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் போடும் தோட்டங்களில் அதன் அர்த்தம் நமக்குத் தெரியும். வாய்க்குக் கதிர் வைக்கும்போது தாடியும் பின்கழுத்து முடியும் போகும். மீசை போன அப்பாமார் வாசலுக்கே வராமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடமும் கேளுங்கள்.

முளைக்கும்போது

கடைசி மருந்துக்குப் பின் 1 முதல் 3 மாதத்தில் பஞ்சுபோல முளைக்கத் தொடங்கும். முதலில் சுருட்டையாகவோ நரையாகவோ வரலாம், பலருக்குப் பிறகு பழையபடி ஆகும். டொசிடக்செல் எடுத்தவர்களில் சிலருக்கு முழுதாக வராமலும் போவதுண்டு. ஆறு மாதம் தாண்டியும் வழுக்கையாகத் தெரிந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். டை அடிப்பதையும் சூட்டில் நீட்டுவதையும் குறைந்தது ஆறு மாதம் தள்ளிவையுங்கள். மருதாணி என்று விற்கும் கறுப்புப் பொடிகளில் பெரும்பாலும் கலப்படம் இருக்கும், அதுவும் வேண்டாம். நெற்றியோரம் இரண்டு விரல் நீளம் வந்ததும் தொப்பியை வீட்டுக்குள் கழற்றிவைக்கத் தொடங்கலாம். வெளியே போகும்போது இன்னும் சில மாதம் தலையை மூடிக்கொண்டு போங்கள், புது முடி அந்த வெயிலுக்குப் போதாது.